கார் கொட்டகையில் நாலு சிலிண்டர் என்ஜின்: யார் செய்தது?

வளவுவாசி

வணக்கம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. பதினொரு புள்ளிக்கு (குடும்பத்துக்கு) அதில் பங்கு உள்ளது. பின்கட்டையும் கார் கொட்டகையையும் காலி செய்துவிடலாம் என்று பங்காளிகள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். கொட்டகை மூலையில் முழங்கால் உயர சிமென்ட் மேடை ஒன்று. அதன் மேல் ஒரு பழைய என்ஜின். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கேயே இருக்கிறது. சிறுவயதில் அதன் மேல் ஏறி உட்கார்ந்து கார் ஓட்டியிருக்கிறேன்.

"ஐயா வைத்திருந்த ரோல்ஸ் ராய்ஸ் என்ஜின் அது" என்கிறார் பெரியப்பா. பழைய இரும்பு வியாபாரி அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை தராசோடு வருவாராம்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாலு சிலிண்டர், வரிசையாக, ஒரே வார்ப்பு. ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) இல்லை. மேலே தகரம் போட்டு நாலு செங்கல் வைத்திருக்கிறார்கள். பச்சைப் பெயின்ட், அதன் மேல் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது விழுந்த சுண்ணாம்பு. பக்கவாட்டில் ஒரு பித்தளைச் சாமானில் 'ஜெனித்' என்று இருக்கிறது. இன்னொன்றில் 'பாஷ்'. நான் வங்கி வேலையில் இருப்பவன். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. படம் இணைத்திருக்கிறேன். யார் செய்த என்ஜின் இது?

துருக்காதலன்

பாஷ் ஜெர்மன் கம்பெனி. ஆகவே ஜெர்மன் என்ஜின். பென்ஸ் ஆக இருக்கலாம். விற்காதீர்கள்!

பழைய இரும்பு

விற்காதீர்கள் என்றது சரி. மற்றதெல்லாம் தவறு.

தம்பி, வேட்டி ஓரத்தில் இருக்கும் வண்ணான் குறியைப் பார்த்து நெசவாளியின் பெயரைச் சொல்ல முடியுமா? பாஷ் என்பது மேக்னெட்டோவின் பெயர், பிளக்குக்குத் தீப்பொறி தரும் சாமான். ஜெனித் என்பது கார்புரேட்டரின் பெயர், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் சாமான். அந்தக் காலத்தில் இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா எங்கே செய்த காரிலும் பாஷ் மேக்னெட்டோ இருக்கலாம், ஜெனித் கார்புரேட்டரும் அப்படியே. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் சாமான்கள் அவை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றி வந்தவர்களுக்குத் தெரியும், பெயர் பொறித்த பித்தளைதான் முதலில் விலை போகும், முதலில் இடம் மாறும்.

ரோல்ஸ் ராய்ஸ் பேச்சையும் முடித்துவிடலாம். 1907 முதல் 1926 வரை வந்த சில்வர் கோஸ்ட்டில் ஆறு சிலிண்டர், மூன்று மூன்றாக இரண்டு வார்ப்பு. ஹெட் தனியாகக் கழலாது. 1922இல் வந்த சின்ன இருபது எச்.பி. வண்டிக்கும் ஆறு சிலிண்டர்தான். உங்கள் வீட்டில் நாலு. பெரியப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

வியாழக்கிழமைக்குள் நீங்கள் செய்ய வேண்டியது இது. தகரத்தை எடுத்துவிட்டுப் பிளாக்கின் மேல்பரப்பைப் பாருங்கள். வால்வுகள் அங்கே இருக்கின்றனவா, இருந்தால் ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? ஒரு போல்ட்டைக் கழற்றி ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை (திருகுச் சுற்று) என்று எண்ணுங்கள். போர் (சிலிண்டர் குழியின் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டையும் அளந்து வையுங்கள். கம்பி பிரஷ் போடாதீர்கள், உளி வைக்காதீர்கள். எங்கேயாவது எண் தெரிந்தால், அது புடைத்திருக்கிறதா, குழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புடைத்திருந்தால் வார்ப்பு எண். அந்தப் பாகத்துக்கு உரியது, அதே மாதிரி வார்த்த எல்லாவற்றிலும் இருக்கும். என்ஜினுக்கே உரிய எண் வெட்டு அச்சால் அடித்தது, குழிந்திருக்கும்.

கோவை லேத்

நான் படத்தைப் பார்த்தவுடன் சொல்கிறேன், ஃபோர்டு. செட்டிநாட்டுக் கொட்டகைகளில் பத்து என்ஜின் கிடந்தால் பாதி ஃபோர்டு என்பது என் அனுபவம். 1908 முதல் 1927 வரை டி மாடல் மட்டும் 1.5 கோடி செய்து தள்ளியிருக்கிறார்கள். நம் நாட்டுக்கு வந்தவை பெரும்பாலும் கனடா ஃபோர்டு.

பழைய இரும்பு

கோவைக்காரருக்குப் பச்சையாக எது தெரிந்தாலும் ஃபோர்டு. டி மாடலில் வெளியே பாஷ் மேக்னெட்டோ மாட்ட வேண்டிய வேலையே இல்லை. ஃப்ளைவீலிலேயே 16 குதிரைலாட காந்தம் பதித்து அதையே மேக்னெட்டோவாக வைத்திருந்தார்கள். மரப்பெட்டியில் நாலு காயில். அந்தப் பெட்டியை மிளகாய்ப்பொடி டப்பாவாக வைத்திருந்த வீடு எனக்குத் தெரியும்.

கோவை லேத்

டி மாடல் என்று நான் சொல்லவில்லையே. ஃபோர்டு என்றுதான் சொன்னேன்.

வளவுவாசி

தகரத்தை எடுத்தேன். மூன்றாவது சிலிண்டருக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. பிஸ்டன்கள் துருப்பிடித்து நிற்கின்றன. சிலிண்டர் குழிகளுக்கு ஒரே பக்கத்தில், பிளாக்கின் மேல்பரப்பிலேயே, எட்டு வட்டத் தகடுகள் சின்ன ஆப்பம் போல வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவைதான் வால்வுகளா?

மரை எண்ணினேன். அரை அங்குல போல்ட், ஓர் அங்குலத்துக்கு 12.

துருக்காதலன்

12 என்றால் விட்வொர்த். பிரிட்டிஷ் என்ஜின்! இதை நான் படித்திருக்கிறேன்.

பழைய இரும்பு

படித்தது சரிதான். அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த் 12, அமெரிக்கப் பெருமரை 13. நுண்மரை என்றால் பிரிட்டிஷ் 16, அமெரிக்கா 20. மற்ற அளவுகள் சிலவற்றில் இரண்டு நாட்டுக்கும் எண்ணிக்கை ஒன்றாகவே வரும். அரை அங்குலத்தில்தான் குட்டு வெளிப்படும்.

வளவுவாசி, எந்த போல்ட்டை எண்ணினீர்கள்? சிமென்ட்டில் இறங்கும் போல்ட்டா?

வளவுவாசி

ஆமாம். அதுதான் சுலபமாகக் கழன்றது.

பழைய இரும்பு

அது என்ஜினோடு கப்பலில் வந்த போல்ட் இல்லை. மேடை கட்டியவர் உள்ளூர்ப் பட்டறையில் அடித்துப் போட்டது. அந்தக் காலத்தில் நம் பட்டறைகளில் இருந்த டை எல்லாம் விட்வொர்த். என்ஜினிலேயே இருக்கும் ஒரு போல்ட்டைப் பாருங்கள், கியர்பாக்ஸ் சேரும் பக்கம்.

வால்வுகள் ஒரே பக்கம் இருந்தது நல்ல செய்தி. வடிகட்டி எடுத்தது போல ஆகிவிட்டது. ஷெவர்லே இல்லை, பியூக்கும் இல்லை. அவர்கள் இருவருக்கும் வால்வு தலைக்கு மேல், ஹெட்டிலேயே இருக்கும். ஹெட்டை எடுத்துவிட்டால் பிளாக்கில் வெறும் குழிதான் தெரியும். பழைய நாலு சிலிண்டர் ஷெவர்லேயில் தள்ளுகம்பிகள் வெளியே தெரிய ஆடிக்கொண்டிருக்கும். நைட் வகை என்ஜினும் இல்லை. சார்லஸ் நைட் என்ற அமெரிக்கர் வால்வே இல்லாமல், சிலிண்டருக்குள் உறைக் குழாய் ஏறி இறங்குகிற மாதிரி செய்தார். டெய்ம்லர் 1909 முதல் அதைப் போட்டார்கள். பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடும், பின்னால் நீலப் புகை விடும். ராஜாக்களுக்குச் சத்தம்தான் பிரச்சினை, புகை பின்னால் நடந்து வருகிறவர்களின் பிரச்சினை.

இரண்டு பக்கமும் வால்வு இருந்திருந்தால் முதல் உலகப் போருக்கு முந்தைய பெரிய வண்டி என்று சந்தேகப்படலாம். அதுவும் இல்லை. ஆக 1910களின் நடுவிலிருந்து 1930களின் தொடக்கம் வரை வந்த சாதாரண, நல்ல, பக்க வால்வு என்ஜின்.

வளவுவாசி

கியர்பாக்ஸ் பக்கம் அரை அங்குல போல்ட் ஒன்றைக் கழற்றினேன். எண்ணினேன், மறுபடி எண்ணினேன். 20.

கோவை லேத்

அமெரிக்கா. நான் அப்போதே சொன்னேன்.

துருக்காதலன்

ஒரு கேள்வி. காரின் பெயர் தெரிந்தால் என்ஜினின் பெயர் தெரிந்துவிடாதா? ஐயா என்ன கார் வைத்திருந்தார் என்று பழைய போட்டோவில் பார்த்துவிட்டால் போதுமே. எதற்கு இந்த மரை எண்ணிக்கை?

பழைய இரும்பு

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் கம்பெனி என்றால் என்ஜினும் அவர்களே வார்த்தார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஆரம்ப காலத்தில் பாதிப் பேர் அப்படியில்லை. கல்யாண வீட்டுக்காரர் பந்தி பரிமாறுவார், சமையல் வேறு ஒருவர். பிரான்ஸில் டி டியோன் பூட்டோன் செய்த சின்ன என்ஜினை வாங்கி மாட்டித்தான் ரெனோ 1898இல் தன் முதல் வண்டியை ஓட்டினார். அமெரிக்காவில் கான்டினென்டல் என்ற கம்பெனியின் வேலையே மற்றவர்களுக்கு என்ஜின் செய்து கொடுப்பது. 'ரெட் சீல்' என்ற அவர்கள் முத்திரை எத்தனையோ வண்டிகளின் வயிற்றில் இருக்கும். டூரன்ட் கம்பெனியின் 'ஸ்டார்' கார் அப்படித்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கதை மோரிஸ் என்ற ஆங்கிலக் கார் கம்பெனியுடையது. 1913இல் வந்த முதல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஒயிட் அண்ட் பாப்பே என்ற கம்பெனியின் என்ஜின். 1915இல் கௌலி வந்தபோது அமெரிக்காவிலிருந்து கான்டினென்டல் என்ஜின் தருவித்தார்கள். போர் முடிந்ததும் அதே வடிவத்தை ஒட்டி, கோவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கிளையில் செய்யச் சொன்னார்கள். ஹாட்ச்கிஸ்காரர்களிடம் இருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை. ஆங்கிலேய மெக்கானிக்கிடம் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே தண்டில் மெட்ரிக் மரை, தலையில் விட்வொர்த் அளவு! ஸ்பேனர் அழகாக உட்காரும். ஆனால் கடையில் வாங்கிய விட்வொர்த் நட்டைப் போட்டால் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறாது. நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்த காலத்தில், இப்படி ஒரு போல்ட்டைப் பையன்களிடம் கொடுத்து நட் தேடச் சொல்வேன். மதியம் வரை தேடுவார்கள். அந்த போல்ட்டைத் தொட்டவுடன் 'மோரிஸ்' என்று சொன்னவன் ஒருவன்தான். அவன் இப்போது சிங்கப்பூரில் லிஃப்ட் பழுது பார்க்கிறான்.

போட்டோவில் கார் தெரியும். பேனட்டுக்கு உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. அதோடு, கொட்டகையில் இருப்பது போட்டோவில் இருக்கிற காரின் என்ஜின்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

நெறியாளர்

தனி மடலில் விலை கேட்டு வளவுவாசிக்கு நாலு பேர் எழுதியிருப்பதாகத் தகவல் வந்தது. இந்த இழையில் வாங்கல் விற்றல் வேண்டாம். என்ஜின் எண் கிடைத்தாலும் முழு எண்ணைப் பொதுவில் போட வேண்டாம்.

வளவுவாசி

பிஸ்டனைச் சுற்றி டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி வைத்திருக்கிறேன். போர் அளந்தாயிற்று. எங்கள் தச்சரின் எஃகு ஸ்கேலை வாங்கி அளந்தேன். 3 அங்குலம் 7 நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்). ஒரு தலைமுடி கூடுதலாக இருக்கலாம்.

பெரியப்பாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐயா இதை "இருபத்துநாலு எச்.பி. மோட்டார்" என்றுதான் சொல்வாராம். அதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கோவை லேத்

முடிந்தது கதை! ஃபோர்டு ஏ மாடல். 1927 கடைசியிலிருந்து 1931 வரை வந்தது.

கணக்குப் பார்க்கலாம். அந்தக் காலத்து எச்.பி. என்பது என்ஜினின் உண்மையான பலம் இல்லை, வரி போடுவதற்கான எண். இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் கொடுத்த வாய்பாடு. போரை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டரையால் வகுக்க வேண்டும். 3 அங்குலம் 7 நூல் என்றால் 3.875. வர்க்கம் 15.02. நாலால் பெருக்கி இரண்டரையால் வகுத்தால் 24. ஃபோர்டு ஏ மாடலின் போர் அதேதான். டி மாடலுக்கு ஒரு நூல் குறைவு, 22.5 எச்.பி. வரும். ஷெவர்லே நாலு சிலிண்டருக்கு 21.7. உங்கள் ஐயா 24 என்றார். போர் 24 என்கிறது. ஏ மாடலின் உண்மையான பலம் 40 எச்.பி. என்பது வேறு விஷயம்.

ஹெட் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. ஏ மாடலில் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் நடுவில் நட்டுக்கொண்டு நிற்கும். பிளக்குக்குப் போக ஒயர் கூடக் கிடையாது, நாலு பித்தளைப் பட்டைகள்தான்.

பழைய இரும்பு

கோவைக்காரர் கணக்கு சுத்தம். ஆனால் அந்த வாய்பாட்டில் ஒன்று இல்லை, கவனித்தீர்களா? ஸ்ட்ரோக். அதனால்தான் பிரிட்டிஷ்காரர்கள் வரியை ஏமாற்றப் போரைச் சுருக்கி ஸ்ட்ரோக்கை நீட்டி ஒல்லிக்குச்சி என்ஜின்களாகச் செய்தார்கள். போர் ஒன்றாக இருந்தால் ஸ்ட்ரோக் என்னவாக இருந்தாலும் எச்.பி. ஒன்றே.

3 அங்குலம் 7 நூல் போர் உள்ள இன்னொரு அமெரிக்க என்ஜின் இருக்கிறது. டாட்ஜ் பிரதர்ஸ், 1914 கடைசியிலிருந்து 1928 வரை. அதுவும் நாலு சிலிண்டர், பக்க வால்வு, ஹெட் தனி, 24 எச்.பி. வித்தியாசம் ஸ்ட்ரோக்கில் மட்டும். ஃபோர்டு ஏ 4 அங்குலம் 2 நூல். டாட்ஜ் 4 அங்குலம் 4 நூல். மொத்தக் கொள்ளளவு ஃபோர்டுக்கு 200 கன அங்குலம், டாட்ஜுக்கு 212.

போர் நம்பத்தகாதது. தேயும். ரீபோர் செய்வார்கள், அதாவது குழியைக் கடைந்து சீராக்குவார்கள், பெருகும். ஸ்ட்ரோக் கிராங்க்கில், பிஸ்டன்களோடு சுற்றும் வளைதண்டில் இருக்கிறது, அது தேயாது. ரீபோர் செய்பவர் கை அதைத் தொடவே தொடாது. ஸ்ட்ரோக்கை அளந்து சொல்லுங்கள்.

கோவை லேத்

இரண்டு நூலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

பழைய இரும்பு

லேத் வைத்திருப்பவர் கேட்கக் கூடாத கேள்வி.

வளவுவாசி

டீசல் வேலை செய்தது. கிராங்க் நுனியில் இருக்கும் பெல்ட் சக்கரத்தில் கடப்பாறையைக் கொடுத்து நானும் காவல்காரர் மகனும் நெம்பினோம். ஒரு முனகல் முனகிக்கொண்டு நகர்ந்தது. முதல் சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்தபோது ஓர் அளவு, கீழே போனபோது ஓர் அளவு. வித்தியாசம் 4 அங்குலம் 3 நூல்.

துருக்காதலன்

ஐயோ. சரி பாதி.

கோவை லேத்

துருவையும் கரியையும் கழித்தால் 4 அங்குலம் 2 நூல் வரும்.

பழைய இரும்பு

துரு ஸ்ட்ரோக்கைக் கூட்டாது. கிராங்க் முழுச் சுற்றுச் சுற்றியதா?

வளவுவாசி

இல்லை. ஒரு கட்டத்தில் தட்டி நின்றுவிட்டது. திரும்பவும் பின்னால் சுற்றினோம்.

பழைய இரும்பு

அப்படியென்றால் பிஸ்டன் அடி வரை போகவில்லை. குறையத்தான் முடியும், கூட முடியாது. 3 நூல் கிடைத்துவிட்டது என்றாலே 2 நூல்காரரின் வழக்கு தள்ளுபடி. இருந்தாலும் முழுசாக அளந்துவிடுங்கள். மூன்றாவது சிலிண்டரில் குளவி என்றீர்களே, பார்த்தீர்களா? ஒன்றும் நாலும் இறங்கும்போது இரண்டும் மூன்றும் ஏறும். அடைபட்டிருப்பது அங்கே.

வளவுவாசி

குளவிக் கூடுதான். மேலே தெரிந்ததை எடுத்துவிட்டேன், ஆனால் மண் வளையமாக விளிம்பைச் சுற்றிப் பிடித்து, சுட்ட செங்கல் மாதிரி இறுகியிருந்தது. தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் சுரண்டி எடுத்தேன் (இரும்பு எதையும் உள்ளே விடவில்லை, பழைய இரும்பு அண்ணனுக்குப் பயந்து). இப்போது முழுச் சுற்று வருகிறது. மூன்று முறை, மூன்று சிலிண்டரில் அளந்தேன்.

4 அங்குலம் 4 நூல்.

அளந்துகொண்டிருந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. என்ஜினின் முன்பக்கம், சுண்ணாம்பு அப்பிக்கிடந்த இடத்தில், ஒரு தடித்த உருளை. சின்னக் குடம் அளவு. தூண் பகுதி என்று நினைத்திருந்தேன். ஈரத்துணி வைத்து ஊறவைத்துத் துடைத்தேன். தகடு இருக்கிறது. 'நார்த் ஈஸ்ட் எலக்ட்ரிக்', 'ரோசெஸ்டர்' என்று படிக்க முடிகிறது, கீழே 12 வோல்ட். அதிலிருந்து முன்பக்க மூடிக்குள் ஒரு சங்கிலி போகிறது.

பழைய இரும்பு

டாட்ஜ் பிரதர்ஸ். இனி எனக்குச் சந்தேகமில்லை.

அந்த உருளைதான் அதன் கைரேகை. மற்றவர்கள் ஸ்டார்ட்டர் தனி, டைனமோ தனி என்று வைத்திருந்த காலத்தில், டாட்ஜ் இரண்டையும் ஒரே சாமானாக வைத்தார்கள். கிளப்பும்போது அது மோட்டார், ஓடும்போது அதுவே டைனமோ. இடையே சத்தமில்லாத சங்கிலி. அதுவும் 12 வோல்ட். ஊரே 6 வோல்ட்டில் இருந்தபோது. 1920களின் நடுவில் அவர்களும் 6 வோல்ட்டுக்கு மாறிவிட்டார்கள், ஆகவே உங்களுடையது அதற்கு முந்தியது.

துருக்காதலன்

அண்ணே, பெயர் பொறித்த தகட்டை நம்பாதே என்று ஆரம்பத்தில் என்னைத் திட்டினீர்கள். இப்போது நீங்களே தகட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறீர்களே?

பழைய இரும்பு

சபாஷ், பிடித்துவிட்டீர்கள். தகட்டை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தால் குற்றம்தான். நார்த் ஈஸ்ட் கம்பெனி வேறு கார்களுக்கும் சாமான் கொடுத்திருக்கிறது. ஆனால் கார்புரேட்டர் போல அதை நினைத்த இடத்தில் ஒட்ட முடியாது. உட்காருவதற்கு மேடை, சங்கிலி ஓடுவதற்கு அறை, இரண்டும் என்ஜின் வார்ப்பிலேயே இருக்க வேண்டும். அதோடு போர் ஒத்திருக்கிறது, ஸ்ட்ரோக் ஒத்திருக்கிறது, வால்வு ஒத்திருக்கிறது, மரை ஒத்திருக்கிறது. ஐந்து சாட்சி ஒரே பேச்சுப் பேசினால் ஏற்றுக்கொள்ளலாம். பாஷ் மேக்னெட்டோ பிற்பாடு வந்தது. மேடையில் வைத்து ஓட்டும்போது பாட்டரி சுமை வேண்டாம் என்று யாரோ மாட்டியிருக்கிறார்கள்.

கோவை லேத்

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் முழுத் தோல்வி இல்லை. ஜான் டாட்ஜ், ஹோரஸ் டாட்ஜ் சகோதரர்கள் 1903 முதல் ஃபோர்டுக்கு என்ஜின் செய்து கொடுத்தவர்கள்தான். சொந்தக் கார் செய்யக் கிளம்பியது 1914இல். ஆக, ஃபோர்டு வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் போனவர்கள். இருவரும் 1920இல் ஒரே ஆண்டில் இறந்தார்கள், 1928இல் கம்பெனி கிரைஸ்லர் கைக்குப் போனது.

வளவுவாசி

அப்படியானால் ஐயா வைத்திருந்தது டாட்ஜ் கார். பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. பிறகு, "டாட்ஜும் பெரிய வண்டிதானே" என்று அவரே சமாதானம் செய்துகொண்டார்.

பழைய இரும்பு

அவசரப்படாதீர்கள். என்ஜின் டாட்ஜ். கார் டாட்ஜ் என்று யார் சொன்னது? கிரஹாம் பிரதர்ஸ் என்று ஒரு லாரிக் கம்பெனி 1921 முதல் டாட்ஜ் என்ஜினைப் போட்டு விற்றது, டாட்ஜ் வியாபாரிகளே அதையும் விற்றார்கள். அந்த லாரிச் சட்டத்தின் (சேஸிஸ்) மேல் பஸ் கூண்டு கட்டி ஓட்டியவர்களும் உண்டு. மேலும் என்ஜின் மேடையில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதைப் பாருங்கள். பெல்ட் சக்கரம் இருக்கிறது என்றீர்கள். பக்கத்துச் சுவரில் தொட்டி ஏதாவது?

வளவுவாசி

இருக்கிறது. இரண்டு தொட்டி, ஒன்று பெரிது, ஒன்று செம்பு அளவு சின்னது. இரண்டிலிருந்தும் செப்புக் குழாய் ஒரே இடத்துக்கு வருகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கிணறு.

பழைய இரும்பு

சின்னதில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் திருப்பானைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சிக்கனம். உங்கள் என்ஜின் கடைசி வரை தண்ணீர் இறைத்திருக்கிறது.

பினாங்குப் பேத்தி

இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். எங்கள் ஐயா வீட்டினரும் பினாங்கில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். வளவுவாசி அண்ணன் மரையை எண்ணியது போதும், பேரேட்டைப் பாருங்கள்! நம் வீடுகளில் ஒரு குண்டூசி வாங்கினாலும் பற்று எழுதாமல் விட்டிருக்க மாட்டார்கள். இரட்டைப் பூட்டு அறையில், கல்யாணச் செலவுக் கட்டுகளுக்குக் கீழே இருக்கும். ஆங்கில ஆண்டு தேடாதீர்கள், தமிழ் வருடப் பெயர்தான் போட்டிருப்பார்கள்.

வளவுவாசி

தங்கச்சி சொன்னதைச் செய்தேன். மூன்று நாள் தும்மல். கரையான் தின்றது போக மிஞ்சிய கட்டுகளில், யுவ வருடம் ஆவணி மாதப் பக்கத்தில் இரண்டு வரி:

"பஸ் மோட்டார் என்சின் பழசு 1, 24 எச்.பி., கிணத்துப் பம்பு வகைக்குப் பற்று."

அடுத்த வரி வண்டிக்கூலி. மாட்டுவண்டி.

பினாங்குப் பேத்தி

யுவ என்றால் 1935 ஆவணி. பஸ் மோட்டார்! அண்ணே, காரே இல்லை.

கோவை லேத்

ரோல்ஸ் ராய்ஸ் மாட்டுவண்டியில் வந்து இறங்கியிருக்கிறது.

பழைய இரும்பு

சிரிக்காதீர்கள். பத்து வருடம் பஸ் இழுத்த என்ஜினை வாங்கி, அதன் பிறகும் கிணற்றில் வேலை வாங்கிய மனிதர் கெட்டிக்காரர். புது ஆயில் என்ஜினுக்கு என்ன விலை கொடுத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிரஹாமா, டாட்ஜா, எந்த பஸ் என்பதைச் சொல்ல என்ஜினால் முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும். சட்டம் எங்கேயோ உருகிப் போயிருக்கும்.

வளவுவாசி

வியாழக்கிழமை வியாபாரி வந்தார், தராசை இறக்காமலே திரும்பினார். பங்காளிகளில் ஏழு பேர் என்ஜின் அங்கேயே இருக்கட்டும் என்கிறார்கள். மற்ற நாலு பேருக்கு அது ரோல்ஸ் ராய்ஸ் இல்லை என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை. பெரியப்பா பேரேட்டுப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "இது வேறு என்ஜின் கணக்கு" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

இன்னொரு செய்தி. இன்று காலை பின்கட்டில் காவல்காரர் வீட்டுக் கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. நீளமான இரும்புத் தட்டு. நாலு குழி, நாலிலும் தண்ணீர். ஓரம் முழுக்க போல்ட் துளைகள். இத்தனை வருடம் அதைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போயிருக்கிறேன். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போய் பிளாக்கின் மேல் வைத்தேன். ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு ஸ்டட்டில் இறங்கியது.

கோவை லேத் அண்ணனுக்கு: நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர் துளை இல்லை. திருப்பிப் போட்டும் பார்த்துவிட்டேன்.

கோவை லேத்

சரி, சரி. கோழிகள் இனி எதில் தண்ணீர் குடிக்கும்?

வளவுவாசி

மண்சட்டி வாங்கி வைத்தாயிற்று. கிட்டவே வர மாட்டேன் என்கின்றன.